வானத்தில் ஏன் பட்டை விழுகிறது?

திருத்துறைப்பூண்டியைச் சுற்றி எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் படத்தில் பாதிக்கு மேல் வானம்தான் வந்து நிற்கும். மலை கிடையாது, மேடு கிடையாது. முள்ளியாற்றங்கரையில் நின்றாலும், ஆதிரெங்கம் பக்கம் வரப்பில் நின்றாலும், அகஸ்தியம்பள்ளி போகும் ரயில் பாதையோரம் நின்றாலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் சமதரை. அதன் ஓரத்தில் நாலு பனை, ஒரு தென்னந்தோப்பு, தூரத்தில் ஒரு கோபுரம். மீதியெல்லாம் ஆகாயம். சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் கீழேயும் அதே ஆகாயம் தெரியும். அதனால் கடைமடையில் படம் எடுப்பவருக்கு வானம் கெட்டால் படமே கெட்டதுதான்.

அது கெடுவது பெரும்பாலும் எடுக்கும்போது அல்ல, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலோ போனிலோ திருத்தும்போது. அந்தி நேரத்துப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவானத்து ஆரஞ்சு மேலே போகப் போக மஞ்சளாகி, வெளிறி, எங்கே முடிகிறது என்று தெரியாமல் நீலத்தில் கரைய வேண்டும். கொஞ்சம் கான்ட்ராஸ்ட், கொஞ்சம் சாச்சுரேஷன், கொஞ்சம் டீஹேஸ் என்று ஏற்றியதும் அந்தக் கரைசல் காணாமல் போய், வரி வரியாகப் பட்டைகள் எழுந்து வருகின்றன. சூரியனைச் சுற்றி வளையம் வளையமாகவும் தெரியும். இதற்குத்தான் பேண்டிங் என்று பெயர். கேமரா மட்டம், லென்ஸ் மட்டம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இரண்டின் மேலும் குற்றமில்லை.

எண்கள் போதவில்லை

கேமரா வண்ணத்தை எண்ணாகத்தான் எழுதி வைக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஆக 256 படிகள். இதுதான் 8 பிட். மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் வண்ணங்கள் வரும் என்று விளம்பரங்கள் சொல்லும். கணக்கு சரிதான். ஆனால் ஒரு படத்தின் வானம் அந்தக் கோடியில் மிகச் சிறிய ஒரு மூலையை மட்டுமே பயன்படுத்துகிறது.

நேரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செல்போனில் எடுத்த 4000-க்கு 3000 புள்ளி அளவுள்ள ஒரு படம். அதில் மூன்றில் இரண்டு பங்கு வானம் என்றால் வானத்தின் உயரம் 2000 புள்ளி. நம் பக்கம் கடல் கிட்டத்தில் இருக்கிறது. காற்றில் எப்போதும் ஈரம். அதனால் அடிவானம் வெளுத்தும் மேல்வானம் லேசான நீலமாகவும் இருக்கும், இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. சிவப்பு எண் அடிவானத்தில் 200, உச்சியில் 160 என்று வைத்துக்கொள்வோம். நடுவே இருப்பது 40 படிகள் மட்டுமே. 2000 புள்ளி உயரத்தை 40 படிகளால் நிரப்பினால் ஒவ்வொரு படியும் 50 புள்ளி அகலத்துக்கு ஒரே எண்ணாக நீண்டு கிடக்கும்.

அதாவது திருத்தத் தொடங்குவதற்கு முன்பே பட்டைகள் அங்கே இருக்கின்றன. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று என்பதால் கண் அதைப் பிடிப்பதில்லை. நீங்கள் கான்ட்ராஸ்ட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் 200-க்கும் 160-க்கும் இடையே இருந்த தூரம் 220-க்கும் 140-க்கும் இடையே இழுபடுகிறது. இழுத்தாலும் படிகள் அதே 40தான். இப்போது ஒவ்வொரு படியும் இரண்டு இரண்டாகத் தாவுகிறது. இன்னும் இழுத்தால் மூன்று, நான்கு. ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் இடைவெளி விட்டு விட்டுக் கோடுகள் நிற்பது தெரியும். அந்த இடைவெளிகள் இல்லாமல் போன எண்கள். பச்சையும் நீலமும் சிவப்பு தாவும் அதே இடத்தில் தாவுவதில்லை, வேறு வேறு இடத்தில் தாவுகின்றன. அதனால்தான் பட்டைகள் வெறும் வெளிச்ச வித்தியாசமாக இல்லாமல், ஒன்று லேசான ரோஸாகவும் அடுத்தது லேசான பச்சையாகவும் தெரிகின்றன.

இதே குறை அந்தப் படத்தின் வயலிலும் உண்டு. ஆனால் நாற்றின் ஒவ்வொரு தாளும் நிழலும் வெளிச்சமுமாக எண்களைக் கலைத்துவிடுகிறது. ஒரே எண் பத்துப் புள்ளிக்கு மேல் நீள்வதற்கு அங்கே இடமில்லை. வழவழப்பான பரப்பு வானம் ஒன்றுதான். கூடவே நம் கண்ணின் பழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. வெளிச்சம் மாறும் எல்லைக்கோட்டைக் கண் தானாகவே அழுத்திக் காட்டும். எல்லையின் ஒரு பக்கம் உள்ளதைவிட வெளிச்சமாகவும், மறுபக்கம் உள்ளதைவிட இருட்டாகவும் தோன்றும். ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-ல் இதை விளக்கினார். இன்றும் அவர் பெயரில் மாக் பட்டைகள் என்றே சொல்கிறார்கள். இரண்டே எண் தாவினாலும் கோடு கிழித்ததுபோல் தெரிவதற்கு இதுவே காரணம்.

மரக்காலும் ஆழாக்கும்

நெல் அளக்கிற ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். ஆக ஒரு மரக்காலுக்கு 64 ஆழாக்கு. மரக்கால் மட்டுமே வைத்திருப்பவர் ஒன்றரை மரக்கால் நெல்லைக் கணக்கில் எழுத முடியாது. ஒன்று அல்லது இரண்டு என்றுதான் எழுத வேண்டும். 8 பிட் ஜேபெக் மரக்காலால் அளக்கிறது. டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களின் ரா ஃபைல் பெரும்பாலும் 14 பிட். அதில் படிகள் 16,384. அதை 256-ஆல் வகுத்தால் சரியாக 64. ஆழாக்கால் அளக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். 12 பிட் ரா என்றாலும் 4,096 படிகள் உண்டு.

வானத்துக்கு இதில் இன்னொரு லாபம். ரா ஃபைல் வெளிச்சத்தை நேர் விகிதத்தில் எழுதுவதால், அதன் எண்களில் சரிபாதி மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கே போய்விடுகிறது. 14 பிட்டில் அது 8,192 படிகள். ஜேபெக்கில் அதே உச்ச ஸ்டாப்புக்குக் கிடைப்பது சுமார் 68 படிகள். பகல் வானம் பெரும்பாலும் இந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. எனவே படத்தை இருட்டாக எடுத்து வந்து வீட்டில் வெளிச்சம் ஏற்றுவதைவிட, வானம் வெளுத்துப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைத் தாராளமாக வைத்து எடுத்து வந்து பிறகு இறக்குவது நல்லது. ஹிஸ்டோகிராம் வலது பக்கம் சாயட்டும். சுவரில் முட்டக் கூடாது.

அந்தி வானத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சூரியன் படத்துக்குள் இருந்தால் அது வெளுத்துத்தான் போகும், அதை விட்டுவிடுங்கள். அதைச் சுற்றியுள்ள ஆரஞ்சில் சிவப்புச் சேனல் உச்சத்தில் முட்டிவிட்டால் அந்த இடம் மஞ்சளாகி, வெட்டியதுபோல் ஒரு வளையம் விழும். பார்க்கப் பேண்டிங் மாதிரி இருந்தாலும் இது வேறு நோய். எந்த மென்பொருளும் இதை முழுதாகத் தீர்க்காது. கேமராவில் சிவப்புக்குத் தனி ஹிஸ்டோகிராம் இருந்தால் அதைப் பார்த்து எடுங்கள்.

பெரிய கேமரா இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். இப்போது பல செல்போன்களில் ப்ரோ மோடுக்குள் ரா என்று ஒரு வசதி இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் அது தேவையில்லை. வானத்துக்காகவே எடுக்கிற படத்துக்கு அதைப் போட்டுவிட்டு எடுங்கள்.

திருத்தும் இடத்தில்

ரா எடுத்தால் மட்டும் போதாது. அந்த ஆழாக்குக் கணக்கைக் கடைசி வரை கைவிடாமல் கொண்டுபோக வேண்டும். லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி போன்றவை உள்ளுக்குள் நுணுக்கமான எண்களிலேயே வேலை செய்கின்றன. அங்கே கவலை இல்லை. சிக்கல் அங்கிருந்து போட்டோஷாப்புக்குப் போகும் வழியில் வருகிறது. இமேஜ் மெனுவில் மோட் என்ற இடத்தில் 16 பிட் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் ஒரு முறை ஜேபெக்காகச் சேமித்துத் திரும்பத் திறந்தால் அதுவரை காத்த எண்கள் எல்லாம் அங்கேயே போய்விடும். இடைக்காலச் சேமிப்புக்கு டிஃப் அல்லது பிஎஸ்டி போதும். ஜிம்ப் பயன்படுத்துபவர்கள் 2018-ல் வந்த 2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய 2.8 வெறும் 8 பிட்தான்.

புரோபோட்டோ ஆர்ஜிபி போன்ற அகலமான வண்ணவெளியை 8 பிட்டோடு சேர்க்கவே கூடாது. அதே 256 படிகள் இன்னும் பெரிய பரப்பில் பரத்தப்படுவதால் ஒவ்வொரு தாவலும் பெரிதாகிவிடும்.

நான் அடிக்கடி பார்க்கிற இரண்டு பழக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலாவது டீஹேஸ். மார்கழி, தை மாதக் காலையில் கதிர் முற்றிய வயலின் மேல் பனிமூட்டம் படிந்திருக்கும். வேதாரண்யம் உப்பளம் பக்கமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கமும் மூட்டம் இல்லாத நாளே குறைவு. படம் மங்கலாகத் தெரிந்ததும் கை தானாக டீஹேஸ் ஸ்லைடருக்குப் போகிறது. அந்த ஸ்லைடர் செய்வது என்ன? மேலே கணக்குப் போட்டோமே, அந்த 40 படிகளைப் பிடித்து இழுப்பதுதான். நம் வானத்தின் இயல்பே மென்மை. அதை ஊட்டி வானம் மாதிரி கருநீலமாக்கப் பார்ப்பதில் நியாயமும் இல்லை, அழகும் இல்லை. டீஹேஸ், கிளாரிட்டி இரண்டையும் மாஸ்க் போட்டுத் தரைக்கு மட்டும் கொடுங்கள். வானத்துக்கு ஆழம் வேண்டுமென்றால் மேலிருந்து கீழாக ஒரு கிரேடியன்ட் மாஸ்க் இழுத்து எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தாலே போதும். நீலத்தை மட்டும் பிடித்து இருட்டாக்குகிற லூமினன்ஸ் ஸ்லைடர் பக்கம் போகாதிருப்பது இன்னும் நல்லது. பனை ஓலையின் ஓரத்தில் வெள்ளைக் கோடும் வானத்தில் திட்டுத் திட்டான கறையும் அதனால்தான் வருகின்றன.

இரண்டாவது பழக்கம், வானத்தை வழித்து மெழுகுவது. வானத்தில் மணல் மணலாக நாய்ஸ் தெரிகிறது என்று நாய்ஸ் ரிடக்ஷனை முழுக்க ஏற்றுகிறார்கள். வானம் கண்ணாடி மாதிரி ஆகிறது. அடுத்த நிமிடமே பட்டைகள் வெளியே வருகின்றன. இது தற்செயல் அல்ல. அந்த மெல்லிய மணல்தான் பட்டையின் ஓரத்தைக் கலைத்து வைத்திருந்தது. 181-க்கும் 180-க்கும் நடுவில் உள்ள எல்லையில் சில புள்ளிகள் இப்படியும் சில புள்ளிகள் அப்படியும் சிதறிக் கிடந்தால் கண்ணுக்குக் கோடு தெரியாது. இரண்டும் கலந்த ஒரு நடுநிறமே தெரியும். சொல்லப்போனால் 8 பிட்டில் எழுதவே முடியாத 180.5 என்ற எண்ணை நாய்ஸ் எழுதிக் காட்டிவிடுகிறது.

இதைத் தெரிந்தே செய்யலாம் என்று எம்ஐடியில் ஆய்வு செய்த லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962-ல் ஒரு கட்டுரையில் காட்டினார். பின்னாளில் இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டைக் கட்டியவரும் அவரே. குறைந்த பிட்டில் படத்தை அனுப்பும்போது வேண்டுமென்றே தாறுமாறான நாய்ஸைச் சேர்த்தால் பட்டைகள் மறையும் என்பது அவர் கண்டது. டிதர் என்று இன்று சொல்வது இந்த வழியைத்தான். ஃபிலிம் காலத்து ஸ்டூடியோ படங்களில் வானத்தில் பட்டை விழுந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஃபிலிமில் கிரெயின் இயல்பாகவே இருந்தது.

ஆகவே நாய்ஸ் ரிடக்ஷனை வானத்தில் பாதியோடு நிறுத்துங்கள். திருத்தமெல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் நாய்ஸ் சேருங்கள். போட்டோஷாப்பில் ஃபில்டர், நாய்ஸ், ஆட் நாய்ஸ் என்று போய், காஸியன், மோனோக்ரொமேட்டிக் இரண்டையும் தேர்ந்தெடுத்து 1 சதவீதம் வைத்தால் போதும். பிடிவாதமான வானத்துக்கு 2 சதவீதம். லைட்ரூமில் எஃபெக்ட்ஸ் பகுதியில் கிரெயின் இருக்கிறது. டார்க்டேபிளில் டிதர் என்றே தனி மாட்யூல் உண்டு. போட்டோஷாப்பில் கிரேடியன்ட் கருவியைப் பயன்படுத்தினால் மேல் பட்டியில் டிதர் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தக் கட்டத்தில் சேர்க்கிறோம் என்பது முக்கியம். 6000 புள்ளி அகலப் படத்தில் நாய்ஸைச் சேர்த்துவிட்டு அதை 1500 புள்ளிக்குச் சுருக்கினால், சுருக்கும்போது பக்கத்துப் புள்ளிகள் சராசரியாகி நாய்ஸ் பெரும்பாலும் அடங்கிவிடும். மறைந்த பட்டை திரும்ப வந்துவிடும். முதலில் தேவையான அளவுக்குச் சுருக்குங்கள். பிறகு, 16 பிட்டில் இருக்கும்போதே நாய்ஸைச் சேருங்கள். அதன் பிறகே 8 பிட்டுக்கு மாற்றி ஜேபெக் ஆக்குங்கள். பெரிய அளவில் பிரின்ட் போடுவதற்கும் போனில் பார்ப்பதற்கும் ஒரே ஃபைலை அனுப்பாமல் தனித்தனியாக எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

அனுப்பும் வழியில்

ஜேபெக் ஒவ்வொரு படத்தையும் 8-க்கு 8 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாது என்று அது நினைக்கிற நுணுக்கங்களைத் தூக்கிப் போடுகிறது. முதலில் போவது நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அந்த மெல்லிய நாய்ஸ்தான். குவாலிட்டி 60, 70 என்று வைத்தால் பட்டையோடு சதுரச் சதுரமான திட்டுகளும் சேர்ந்து வரும். 90-க்குக் குறைய வேண்டாம். லேபுக்குக் கொடுக்கும் ஆல்பப் படமென்றால் அதிகபட்சக் குவாலிட்டியில், அவர்கள் வேறு கேட்காதவரை எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு மறுபடி அழுத்தும். நல்ல வானம் ஊர்க் குரூப்பில் போய் விழும்போது வரி வரியாகத் தெரிவது பெரும்பாலும் இதனால். டாக்குமெண்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போய்ச் சேரும்.

ஜேபெக் மட்டுமே மிஞ்சிய படங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அதற்கு முன் எடுத்த தோப்புப் படங்கள் பல வீடுகளில் வெறும் ஜேபெக்காக, பழைய போனிலோ பென் டிரைவிலோ இருக்கின்றன. அந்த இடத்தை அதே மாதிரி மறுபடி எடுக்க முடியாது. இப்படிப்பட்ட படத்தில் வானம் பட்டை பட்டையாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஓரளவு மீட்கலாம்.

படத்தைத் திறந்ததும் முதல் வேலையாக 16 பிட்டுக்கு மாற்றுங்கள். இழந்த எண்கள் இதனால் திரும்ப வராது. இனிமேல் செய்யும் திருத்தங்களால் புதிதாக இழப்பு வராமல் காக்கும். லேயரை இரட்டித்து, வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மாஸ்க் போட்டு, அந்த லேயருக்கு காஸியன் பிளர் கொடுங்கள். அளவு பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. பட்டை 50 புள்ளி அகலம் என்றால் பிளரும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வேண்டும். அதன் மேல் 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ். நாய்ஸ் இல்லாமல் பிளரை மட்டும் கொடுத்து 8 பிட்டுக்குத் திரும்பினால் பட்டைகளும் திரும்பிவிடும்.

மாஸ்க் போடும்போது பொறுமை வேண்டும். தென்னங்கீற்றின் நுனிகளுக்கு நடுவே தெரியும் வானத்தை விட்டுவிடுவதே நல்லது. அங்கே பட்டை தெரியாது, பிளர் கொடுத்தால் கீற்று கரைந்து ஒளிவட்டம்போல் அசிங்கமாகும். மின்கம்பிகளையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பறவைகள். கோடியக்கரை, உதயமார்த்தாண்டபுரம் என்று சரணாலயங்கள் சூழ்ந்த ஊர் இது; மாலை வானத்தில் எங்கோ ஒரு மூலையில் கொக்கோ நாரையோ வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். பெரிதாக்கிப் பார்க்காமல் பிளர் கொடுத்தால் அவை சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

திரையையும் சந்தேகியுங்கள்

சில சமயம் படத்தில் பட்டையே இருக்காது, திரைதான் காட்டும். விலை குறைந்த பல லேப்டாப் திரைகள் ஒரு நிறத்துக்கு 6 பிட், அதாவது 64 படிகள் மட்டுமே கொண்டவை. மீதியை வேகமாக மின்னி மின்னி ஒப்பேற்றுகின்றன. இரவு நேர மஞ்சள் வெளிச்சம், கண் பாதுகாப்பு மோட் போன்றவை அந்தப் படிகளையும் குறைக்கும். திருத்த உட்காரும்போது அவற்றை அணைத்துவிடுங்கள். படத்தைச் சிறிதாக்கி வைத்துப் பார்க்காமல் 100 சதவீதத்தில் பாருங்கள்.

எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஐட்ராப்பர் போதும். பட்டையின் ஒரு பக்கமும் மறுபக்கமும் வைத்து எண்களைப் படியுங்கள். ஒன்று மட்டும் மாறினால் ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது, திரையின் வேலை. மூன்று, நான்கு என்று தாவினால் ஃபைலில்தான் பட்டை. மேலே சொன்னவற்றுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இடம் போதவில்லை என்று ரா ஃபைல்களை அழித்துவிட்டு, திருத்திய ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மென்பொருள்கள் வருடத்துக்கு வருடம் தேறிக்கொண்டே வருகின்றன. இன்று பட்டை விழுகிற வானத்தை நாளை அதே ரா ஃபைலிலிருந்து இன்னும் நன்றாக எடுக்க முடியும். ஜேபெக்கிலிருந்து முடியாது. ஒரு ஹார்டு டிஸ்க் தனியாக வாங்கி, ஊரும் தேதியும் எழுதி அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.